கால் வலிக்கு எதை மாட்டுவது: நீ கேப்பா, பிரேஸா, ஸ்டாக்கிங்ஸா?

மருந்துக்கடையில் போய் "கால் வலிக்கு மாட்டிக்கிற மாதிரி ஏதாவது குடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் திரும்பி வரும் கேள்வி "என்ன சைஸ்?" என்பதுதான். எங்கே வலி, எப்போது வலி, வீக்கம் இருக்கிறதா என்று விசாரிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. ஆனால் சைஸுக்கு முன்னால் கேட்க வேண்டியவை அவைதான். அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெட்டிகளுக்குள் இரண்டு வேறு வேலைகளுக்கான பொருள்கள் இருக்கின்றன. முழங்காலில் ஏற்றும் உறையான நீ கேப், கணுக்காலுக்கான ஆங்கிள் பிரேஸ், இடுப்பு பெல்ட் எல்லாம் மூட்டைப் பிடித்துக்கொள்ள. கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்ஸ், அதாவது காலை இறுக்கிப் பிடிக்கும் நீளமான காலுறை, கீழே தேங்கும் இரத்தத்தை மேலே அனுப்ப. க்ரேப் பேண்டேஜை நாம் எல்லாவற்றுக்கும் சுற்றிக்கொள்கிறோம்.

மாற்றி வாங்கினால் காசு மட்டும் போனால் பரவாயில்லை. சிலருக்குக் காலுக்கே ஆபத்தாகிவிடும். அதனால் பொருள்களை ஒப்பிடுவதற்கு முன்னால் வலியை ஒப்பிடுவோம்.

முதலில், இது எந்த வலி?

அடிபட்ட வலிக்கு ஒரு நேரம் இருக்கும். படியில் கால் மடங்கியது, பைக்கில் இருந்து விழுந்தேன், கபடி ஆடும்போது முழங்கால் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியும். விரலால் தொட்டு "இங்கேதான்" என்று காட்டவும் முடியும். இதற்கு மூட்டைப் பிடிக்கும் சாதனம்.

காலிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாய்தான் சிரை. சிரைக் கோளாறு அப்படி வராது. காலையில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் கால் கனக்கும், கணுக்கால் உப்பும், செருப்பு வார் பதிந்த தடம் தெரியும். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தால் சுகமாக இருக்கும். நாளாக ஆக, கெண்டைக்காலில் இரத்தக்குழாய் புடைத்துச் சுருளும், கணுக்காலின் உள்பக்கத் தோல் அரித்துக் கறுக்கும். நரம்பு சுருட்டல் என்று ஊரில் சொல்லும் வெரிகோஸ் வெயின் இதுதான். இதற்கு ஸ்டாக்கிங்ஸ்.

மூன்றாவது வகையைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும், மறுபடி அதே தூரம் நடந்தால் மறுபடி பிடிக்கும். பாதம் சில்லென்று இருக்கும். ராத்திரி வலிக்கும்போது காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டால்தான் ஆறும். இது காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி அடைபட்டிருப்பதன் அறிகுறி. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கும் பல வருட சர்க்கரை நோயாளிகளுக்கும் அதிகம் வருவது. சிரைக்கோளாறில் காலைத் தூக்கினால் ஆறும், இதில் தொங்கவிட்டால் ஆறும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால்கூடப் போதும். வருகிற இரத்தமே குறைவாக இருக்கும் காலில் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸை மாட்டினால், அந்தக் கொஞ்சமும் நின்றுபோய்த் தோல் அழுகும் நிலை வரலாம். இவர்கள் எதையும் வாங்கவேண்டாம், மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் சூடாக, தொட்டால் வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, மாவுக்கட்டு, பிரசவம் இவற்றுக்குப் பிறகு இந்தச் சந்தேகம் இன்னும் கூடுதல். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கவேண்டும். உருவிவிடவும் கூடாது, கட்டுப்போடவும் கூடாது. அப்புறம், இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் பரிசோதிக்கவேண்டும். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையும் கணுக்காலை வீங்க வைக்கும். அந்த வீக்கத்துக்கு ஸ்டாக்கிங்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு திரிவதைவிட, மாத்திரை எழுதிக்கொடுத்தவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார்.

கணுக்கால் சுளுக்கு: நான்கு வழிகள்

கால் மடங்கினால் முதலில் பார்க்கவேண்டியது எலும்பு. கனடாவில் 1992-ல் வெளியான ஒட்டாவா விதிகள் இதற்குக் கைகொடுக்கும். அடிபட்ட உடனேயும், மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். கணுக்காலின் இருபக்க எலும்பு முண்டுகளின் பின்விளிம்பையோ நுனியையோ அமுக்கினால் வலித்தாலும் அப்படியே. பாதத்தின் வெளிப்பக்க நடு எலும்பு, உள்பக்க வளைவின் மேல் எலும்பு இவற்றில் வலித்தாலும் அதேதான். எலும்பு முறிந்த கணுக்காலை எண்ணெய் போட்டு நீவி, இறுக்கமாகக் கட்டி, ரெண்டு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எலும்பு சரியாக இருந்தால் நான்கு வழிகள் உண்டு. க்ரேப் பேண்டேஜ், குழாய் மாதிரி இருக்கும் எலாஸ்டிக் உறை, லேஸ் கட்டும் அல்லது இருபக்கமும் பிளாஸ்டிக் தகடு வைத்த ஆங்கிள் பிரேஸ், மாவுக்கட்டு.

க்ரேப் பேண்டேஜின் நல்ல குணம், விலை குறைவு, வீக்கத்துக்குத் தகுந்தபடி தளர்த்தலாம், இறுக்கலாம். கெட்ட குணம், ரெண்டு மணி நேரத்தில் தளர்ந்துவிடும், கட்டுகிறவர் கையைப் பொறுத்து இறுக்கம் மாறும். கால்விரல்களின் அடியில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றவேண்டும், முந்தைய சுற்றில் பாதியை அடுத்த சுற்று மூடவேண்டும், மேலே போகப் போக இறுக்கம் குறையவேண்டும். நம்மில் பலர் வலிக்கும் இடத்தில் மட்டும் நான்கு சுற்று சுற்றி, மேலே முடிச்சை இறுக்கிவிடுகிறோம். பாதம் அப்பம் மாதிரி உப்புவது அதனால்தான். முதல் இரண்டு மூன்று நாள் வீக்கத்துக்கு க்ரேப் போதும், அதற்குமேல் அதை நம்பி நடக்கக்கூடாது.

எலாஸ்டிக் உறை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. காரணம் இல்லாமல் இல்லை. கடுமையான சுளுக்குள்ள 584 பேரை வைத்து இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு 2009-ல் லான்செட் இதழில் வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பத்து நாள் முழங்காலுக்குக் கீழ் மாவுக்கட்டு போட்டவர்கள், உறை மாட்டியவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். இருபக்கத் தகடு வைத்த பிரேஸும் கணுக்காலின் செயல்பாட்டில் உறையைவிட மேலாக இருந்தது. ஆனால் ஒன்பது மாதம் ஆனதும் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டார்கள். அதாவது சாதனத்தால் கிடைப்பது சீக்கிரம் தேறுவது மட்டும்தான்.

லேசான சுளுக்கு என்றால் க்ரேப், கூடவே கொஞ்சம் கொஞ்சமாக நடை. நடுத்தரமான சுளுக்குக்கு நான் பிரேஸைத்தான் சொல்வேன். ஷூவுக்குள் போகும், பாதம் உள்பக்கம் மடங்காமல் தடுக்கும், மேலும் கீழும் அசைய விடும். நான்கு முதல் ஆறு வாரம் போட்டுக்கொண்டு, கூடவே ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி செய்யவேண்டும். விளையாடுகிறவர்கள் மைதானத்துக்குத் திரும்பிய பிறகும் சில மாதம் பிரேஸைப் போடுவது நல்லது, ஒருமுறை மடங்கிய கால் மறுபடி மடங்கும். காலே ஊன்ற முடியாத கடும் சுளுக்குக்குக் குறுகிய கால மாவுக்கட்டு, மருத்துவர் சொன்னால்.

முழங்கால்: நீ கேப் என்ன செய்யும், என்ன செய்யாது

தமிழ்நாட்டில் அதிகம் விற்கும் சாதனம் எது என்று கேட்டால் நீ கேப் என்றுதான் யாரும் சொல்வார்கள். நாற்பது ஐம்பது வயதுக்குமேல் மூட்டுத் தேய்மானம் வந்தவுடன் பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கும் முதல் பொருள். அது என்ன செய்கிறது? கதகதப்பைத் தருகிறது, மூட்டு எங்கே இருக்கிறது என்ற உணர்வைக் கூட்டுகிறது, அதனால் நடக்கத் தைரியம் வருகிறது. உடம்பு எடையை அது தாங்குவதில்லை. தேய்மானத்தை நிறுத்துவதும் இல்லை. அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மார்க்கெட்டுக்குப் போகவும் படியேறவும் தெம்பு கொடுத்தால் போட்டுக்கொள்ளட்டும்.

வல்லுநர்களே இதில் ஒத்துப்போகவில்லை. மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க வாதவியல் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல், நடையைப் பாதிக்கும் அளவுக்கு முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு பிரேஸை வலுவாகப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2022-ல் நேர்மாறாக, எல்லாருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், மூட்டு ஆட்டம் காண்கிறவர்களுக்கும் சுமை ஒரு பக்கமாக விழுகிறவர்களுக்கும் மட்டும் யோசிக்கலாம் என்றது. ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. அமெரிக்கர்கள் சொல்வது தொடையையும் கெண்டைக்காலையும் பிடிக்கும் பிரேஸை. நாம் கடையில் வாங்கும் துணி உறையை அல்ல.

கால் வில்லாக வளைந்து உள்பக்கம் மட்டும் தேய்ந்தவர்களுக்கு அன்லோடர் பிரேஸ் என்று ஒன்று இருக்கிறது. சுமையை வெளிப்பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளும். விலை ஆயிரங்களில் போகும், பருமனாக இருக்கும், புடவைக்கும் வேட்டிக்கும் உள்ளே நழுவும், நம்ம வெயிலுக்குப் புழுங்கும். வாங்கியவர்களில் பலர் ஒரு மாதத்தில் பரணில் போடுவதற்கு இதுதான் காரணம். கடையில் போட்டுப் பத்து நிமிடம் நடந்து பார்க்காமல் வாங்கவே கூடாது.

இவை எல்லாவற்றையும்விட மலிவான ஒன்றை நாம் கூச்சத்தால் ஒதுக்குகிறோம்: கைத்தடி. அதே அமெரிக்க வழிகாட்டுதல் இதையும் வலுவாகப் பரிந்துரைக்கிறது. வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்கவேண்டும். வலிக்கும் கால் ஊன்றும்போது தடியும் ஊன்றவேண்டும். பலர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். அப்பாவுக்கு என்ன வாங்குவது என்று என்னிடம் கேட்டால், இரண்டாயிரம் ரூபாய் பிரேஸுக்கு முன்னால் தடியும், தொடைத்தசைக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியும் என்பேன். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலின் மேல் நான்கு கிலோ அளவுக்குச் சுமை குறைகிறது. எந்த நீ கேப்பாலும் அது முடியாது.

அடிபட்ட முழங்கால் வேறு கதை. பக்கவாட்டு ஜவ்வு இழுபட்டிருந்தால் கீல் வைத்த ஹிஞ்ச்டு பிரேஸ் நன்றாக வேலை செய்யும், மடக்க நீட்ட விடும், பக்கவாட்டில் ஆடவிடாது. முன்புற ஜவ்வு கிழிந்து, திரும்பும்போது முழங்கால் நழுவுகிறது என்றால் பிரேஸ் அந்த ஜவ்வின் வேலையைச் செய்யாது. அதை மாட்டிக்கொண்டு மறுபடி விளையாடினால் உள்ளே இருக்கும் குருத்தெலும்பும் போய்விடும். அடிபட்ட சில மணி நேரத்தில் மூட்டு நிறைய வீங்கினாலோ, மடங்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ கடைக்குப் போகும் நிலை இல்லை அது.

ஸ்டாக்கிங்ஸ்: எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

நிற்கும்போது கணுக்கால் சிரையில் சுமார் 90 மி.மீ. பாதரச அழுத்தம் இருக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து மேலே தள்ளுவதால் அது 30-க்குக் கீழே இறங்கும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் பழுதானால் தள்ளிய இரத்தம் திரும்பக் கீழே வரும். ஸ்டாக்கிங்ஸ் வெளியிலிருந்து கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தி உதவும். இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர். அவருக்கே வெரிகோஸ் வெயின் இருந்தது. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி தெரியவில்லையே என்று யோசித்ததில், ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தமும் கூடுவதுதான் காரணம் என்று பிடித்தார்.

கடையில் "கிளாஸ் 2 குடுங்க" என்று கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜெர்மன் கணக்கில் கிளாஸ் 2 என்றால் 23 முதல் 32 மி.மீ. பிரிட்டிஷ் கணக்கில் 18 முதல் 24. இரண்டு வகையும் நம் ஊரில் கிடைக்கின்றன. அதனால் கிளாஸை விட்டுவிட்டுப் பெட்டியில் அச்சிட்ட மி.மீ. எண்ணைப் பாருங்கள். எண் போடாத பெட்டியை வாங்கவேண்டாம். வெறும் கனம், சாயங்கால வீக்கம், நாள் முழுக்க நின்று செய்யும் வேலை என்றால் 15 முதல் 20 போதும். புடைத்த சிரை, தோல் மாற்றம், ஆறிய புண் என்றால் 20 முதல் 30, மருத்துவர் பார்த்த பிறகு. அதற்குமேல் உள்ளவை எல்லாம் சீட்டு இல்லாமல் தொடக்கூடாதவை.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாட்டிவிடும் வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் வேறு. அது படுத்திருப்பவர்களுக்கானது, கணுக்காலில் சுமார் 18 மி.மீ. மட்டும். "அம்மா ஆபரேஷனுக்கு வாங்கினது சும்மா கிடக்குது" என்று வெரிகோஸ் வெயினுக்குப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதில் பலனில்லை. பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்களுக்கு அதையும் மாட்டவேண்டாம். 2009-ல் வெளியான கிளாட்ஸ் ஆய்வில் தொடைவரை ஸ்டாக்கிங்ஸ் போட்டவர்களுக்கு இரத்த உறைவு குறையவில்லை. தோல் புண்தான் அதிகமானது.

முழங்கால் வரையா, தொடை வரையா? பெரும்பாலானவர்களுக்கு முழங்கால் வரை உள்ளது போதும். தொடை வரை உள்ளது உருண்டு இறங்கி, முழங்காலுக்குப் பின்னால் கயிறு கட்டியது போல் இறுக்கும். விரல் மூடியதா, திறந்ததா என்றால் நம் வெயிலுக்கும் செருப்புக்கும் திறந்ததே வசதி. விரல் நிறம் மாறுகிறதா என்று பார்க்கவும் முடியும்.

அளவைக் காலையில், கால் வீங்குவதற்கு முன்பே எடுக்கவேண்டும்: கணுக்கால் முண்டுக்கு மேலே மிக ஒல்லியான இடம், கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்புவரை உயரம். சாயங்காலம் கடைக்குப் போய் அளந்தால் ஒரு சைஸ் பெரியதாக வாங்கி வருவீர்கள். ரெடிமேட் துணிக்கடை மாதிரி எஸ், எம், எல் என்று கண்ணால் பார்த்துச் சொல்கிற கடையை விட்டு வேறு கடைக்குப் போங்கள். மாட்டும்போது குதிகால்வரை உள்பக்கமாகப் புரட்டி, பாதத்தை நுழைத்து, பிறகு மேலே ஏற்றவேண்டும். திறந்த விரல் உள்ளதென்றால் பாதத்தில் ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் பையைப் போட்டு ஏற்றிவிட்டு, பையை விரல் வழியாக உருவிவிடலாம். கைவிரல் வலி உள்ள வயதானவர்களுக்குத் துணைக்கு ஒருவர் வேண்டும். அப்படி யாரும் இல்லை என்றால், 30 மி.மீ. வாங்கி மாட்டாமல் வைப்பதைவிட 15 மி.மீ. வாங்கித் தினமும் மாட்டுவது மேல்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஸ்டாக்கிங்ஸ் போட்டுக்கொண்டிருக்கும்வரைதான் பலன். வால்வு சரியாகாது. பிரிட்டனின் நைஸ் 2013-லேயே, லேசர் போன்ற சிகிச்சை செய்ய வாய்ப்புள்ளவர்களுக்கு ஸ்டாக்கிங்ஸை மட்டும் சிகிச்சையாகக் கொடுக்கவேண்டாம் என்று எழுதிவிட்டது. கணுக்காலில் புண் வந்தவர்களுக்கு, அழுத்தக் கட்டோடு சீக்கிரமே பழுதான சிரையையும் லேசர் போன்ற சிகிச்சையால் அடைத்தால் புண் வேகமாக ஆறுகிறது என்று 2018-ல் வந்த ஈவ்ரா ஆய்வு காட்டியது. எனவே ஆறாத புண்ணோடு வருடக்கணக்கில் ஸ்டாக்கிங்ஸ் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இரத்தக்குழாய் அறுவை நிபுணரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நின்றே வேலை செய்கிறவர்களுக்கு நாற்காலியும் ஒரு சாதனம்தான். கடை ஊழியர்கள் உட்கார இடம் தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. எந்தக் கடையில் எவ்வளவு நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். இருக்கிற இடத்திலேயே குதிகாலைத் தூக்கி இறக்கினாலும் கெண்டைக்கால் தசை இரத்தத்தைத் தள்ளும்.

யாருக்கு எதுவும் வேண்டாம்

பாதத்தில் நாடித்துடிப்பு கிடைக்காதவர்களுக்கு ஸ்டாக்கிங்ஸ் வேண்டாம். சந்தேகம் இருந்தால் கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனை உண்டு, ஏ.பி.ஐ. என்பார்கள். 0.8-க்குக் கீழே என்றால் வழக்கமான அழுத்தம் போடக்கூடாது, 0.5-க்குக் கீழே என்றால் எந்த அழுத்தமும் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தக்குழாய் கெட்டிப்பட்டு, 1.3-க்குமேல் பொய்யான நல்ல எண்ணாகவும் வரும். அவர்களுக்கு டாப்ளர் ஸ்கேனே நம்பகமானது. பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்கு நீ கேப்பும் பிரேஸும்கூட ஆபத்துதான். வார் உரசி புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. இதயம் பலவீனமானவர்களுக்கும் கேட்காமல் மாட்டவேண்டாம்.

இடுப்பு பெல்ட், கழுத்து காலர் இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சாதாரண முதுகுவலிக்குப் பெல்ட் கொடுக்கவேண்டாம் என்று நைஸ் 2016-ல் சொன்னது. காலரை நாள் முழுக்க மாட்டினால் கழுத்துத் தசை சோர்ந்துவிடும். எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை போன்ற காரணத்துக்கு மருத்துவர் நாள் குறித்துக் கொடுத்தால் மட்டும் போடுங்கள். மணிக்கட்டில் மரத்துப்போவதற்கு ராத்திரி மட்டும் போடும் ஸ்பிளின்ட் நல்ல முதலீடு. ஆனால் கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரலின் அடியில் உள்ள குழியை அமுக்கினால் வலித்தால், அது சுளுக்கு என்று ரிஸ்ட் பேண்ட் வாங்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

இரண்டும் சேர்ந்து இருந்தால்

மூட்டுத் தேய்மானமும் வெரிகோஸ் வெயினும் ஒரே காலில் இருப்பது நடுத்தர வயதுப் பெண்களிடம் சகஜம். ஸ்டாக்கிங்ஸுக்குமேல் இறுக்கமான நீ கேப்பை நாள் முழுக்கப் போட்டால், ஸ்டாக்கிங்ஸ் மேலே தள்ளுகிற இரத்தத்தை நீ கேப் முழங்காலில் நிறுத்திவிடும். இவர்களுக்கு ஸ்டாக்கிங்ஸ் முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழேயே முடியவேண்டும். நீ கேப்பை நடக்கும்போதும் படியேறும்போதும் மட்டும் மாட்டி, உட்கார்ந்ததும் கழற்றிவிடவேண்டும். ஒன்றைத்தான் போட முடியும் என்றால் ஸ்டாக்கிங்ஸையே வைத்துக்கொள்ளலாம், முழங்காலுக்குத் தடி இருக்கிறது.

இரண்டையும் ராத்திரி கழற்றவேண்டும். விரல் நீலமாகவோ வெளுத்தோ போனால், மரத்துப்போனால், கழற்றிய பிறகும் அரை மணி நேரம் தடம் மறையாமல் இருந்தால் சைஸ் தவறு. ஸ்டாக்கிங்ஸை மிதமான சோப்பில் கையால் துவைத்து, முறுக்கிப் பிழியாமல், நிழலில் காயப்போடவேண்டும். ஒரு ஜோடியை மட்டும் வாங்கினால் துவைத்த அன்றைக்கு மாட்ட இருக்காது, அதனால் இரண்டு ஜோடியாக வாங்குங்கள். ஆறு மாதம் தினமும் போட்டால் எலாஸ்டிக் தளர்ந்துவிடும். சிரமமில்லாமல் ஏறுகிறது என்று தோன்றினால் புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டது, அதற்கு முன்னால் காலை இன்னொரு முறை அளந்துகொள்ளுங்கள்.